கட்டர் கார்டு போட்டும் தண்ணீர் வழிகிறதா? விழும் இடத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வரிசை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். போர்ச்சுக்கு மேலே சீலிங் பலகை பழுப்பேறி ஓர் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு நேர்கீழே 18 லிட்டர் சாயத் தொட்டி ஒன்று, பாதி நிறைந்து. மேலே கட்டரில், அதாவது கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்காலில், பளபளவென்று புது கார்டு, இலை குப்பை விழாமல் தடுக்கும் மூடி. மகன் இணையத்தில் வாங்கிப் போட்டதாம், பெட்டியைக்கூட எடுத்து வைத்திருந்தார்கள், அதன் மேல் பனி மூடிய ஒரு வீட்டுப் படம். "குப்பை உள்ளே போகக்கூடாதுன்னுதானே போட்டோம் தம்பி, இப்போ தண்ணியே கட்டருக்குள்ளே போகமாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. நாலு மணிக்கு மழை பிடித்தது. ஓட்டில் ஓடி வந்த தண்ணீர் கார்டின் மேல் சறுக்கி, முன்விளிம்பைத் தாண்டி, கார் மேலேயே பாய்ந்தது. ஆனால் சீலிங்கை நனைத்தது அந்தத் தண்ணீர் இல்லை, அது வேறு வழியாக வந்தது. ஒரே கார்டில் இரண்டு கோளாறு. இரண்டையும் கீழே சொல்கிறேன்.

அந்தப் பெட்டியில் இருந்தது கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன். கனடா, அமெரிக்காவின் வடபகுதி மாதிரி ஊர்களுக்காகச் செய்தது அது. அங்கே இலையுதிர் காலத்தில் சில வாரத்துக்குள் மரம் மொத்தத்தையும் கொட்டிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் பனி கூரை மேல் உட்கார்ந்திருக்கும், உருகும்போது மெதுவாகச் சொட்டும். அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகக் கெட்டியாக மூடி, ஒடுக்கமான வழியில் மட்டும் தண்ணீர் இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் போல மழை, பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை. பனி ஊர்க் கட்டரைக் கெடுப்பது பாரம், நம் கட்டரைக் கெடுப்பது வேகம். அதனால் எந்த கார்டு நல்லது என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை, மழையில் நின்று பார்த்தீர்களா, எங்கே விழுகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

ஏணியை எடுக்கும் முன்

என் அப்பா பினாங்கு ஜெலுத்தோங்கில் ஜிங்க் வேலை செய்தவர். மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள், அவர் குடையோடு வெளியே ஓடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது, நீங்களும் அதையே செய்யுங்கள். நல்ல மழையில் கால் மணி நேரம் எதிரே நின்று, கைப்பேசியில் வீடியோ எடுங்கள். முன்விளிம்பில் வழிகிறதா, பின்னால் சுவரோடு இறங்குகிறதா, கட்டர் மூட்டில் மட்டும் சொட்டுகிறதா, இறக்குக் குழாயின் அடியில் தண்ணீர் வருகிறதா வரவில்லையா, இந்த நாலையும் பார்த்தால் பாதிக் கோளாறு தெரிந்துவிடும். மழைக்குள் ஏணி ஏறவே வேண்டாம்.

மறுநாள் காலை காய்ந்த பிறகு ஏறுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் காலை வெளியே தள்ளி வையுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஏணியைக் கட்டர் மேல் சாய்க்காதீர்கள், கட்டர் வளைந்துவிடும், வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். வாசலில் மின்கம்பி தாழ்வாகப் போனால் அலுமினிய ஏணி கூடாது. பழைய வீடுகளில் கூரை அலை அலையான சாம்பல் நிறச் சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் மேல் நடப்பதோ, துளை போடுவதோ, அறுப்பதோ வேண்டாம். பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

முன்விளிம்பில் அருவி மாதிரி வழிகிறது

இதுதான் அதிகமாக வரும் புகார், எல்லோரும் இலை அடைப்பு என்றுதான் முடிவு கட்டுவார்கள். எந்த இடத்தில் வழிகிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

இறக்குக் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் வழிந்தால் குழாய் வாய் அடைத்திருக்கிறது. கையை விட்டு எடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பூரானும் இருக்கும், துருப்பிடித்த தகடும் இருக்கும். நடுவில் வழிந்தால் அங்கே கட்டர் தொங்கியிருக்கிறது, பிராக்கெட் கழன்றிருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்தடிக்குக் கால் அங்குலம் இறக்கம் இருந்தால் போதும், அதற்கு மேல் சாய்த்தால் கீழே இருந்து பார்க்க அசிங்கமாக இருக்கும். அதற்குக் குறைந்தால் மண் படிய ஆரம்பிக்கும். ஓர் இடத்தில் மட்டும், அதுவும் இரண்டு கூரைச் சரிவு சேரும் மூலையில் வழிந்தால், அங்கே இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றாய்ச் சேர்ந்து பாய்ச்சலோடு வருகிறது என்று அர்த்தம். அந்த மூலையில் கட்டரின் முன்விளிம்பில் ஒரு கை அகலத் தகட்டை நிமிர்த்தி ரிவெட் அடித்தால் பாய்கிற தண்ணீர் அதில் மோதிக் கட்டருக்குள்ளேயே விழும். அந்த ஓரடி இரண்டடிக்குக் கார்டு போடாமல் திறந்தே விடுங்கள்.

மொத்த நீளத்துக்கும் ஒரே சீராக வழிந்தால் கட்டர் போதவில்லை. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபதடி அகல வீட்டில் முன்பக்கச் சரிவு இருபதடி ஆழம் என்றால் ஏறத்தாழ 37 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால் மணிக்கு 3,700 லிட்டர், நிமிடத்துக்கு 62 லிட்டர் போல. அந்த அம்மா வைத்திருந்த சாயத் தொட்டியில் மூன்றரைத் தொட்டி, ஒவ்வொரு நிமிடமும். மழை உச்சத்தில் இருக்கும் ஐந்து பத்து நிமிடம் இதைவிட வேகமாகவும் கொட்டும். மேல்மாடிக் கூரைத் தண்ணீரும் இந்தக் கூரையிலேயே விழுந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், புதுப்பித்துக் கட்டிய வீடுகளில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இவ்வளவும் ஒரே ஒரு மூன்று அங்குலக் குழாயில் இறங்க வேண்டும் என்றால் எந்த கார்டும் உதவாது, மறுமுனையில் இன்னொரு இறக்குக் குழாய் போடுங்கள்.

ஹோஸ் வைத்துச் சோதித்தோம், நன்றாகப் போகிறது என்று பலர் சொல்வார்கள். வீட்டுக் குழாயிலிருந்து வரும் ஹோஸ் நிமிடத்துக்கு 15, 20 லிட்டர் தந்தால் அதிகம். இறக்கம் சரியா, மூட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க ஹோஸ் நல்லது, மழையைத் தாங்குமா என்று அது காட்டாது.

கார்டு போட்ட பிறகுதான் வழிய ஆரம்பித்ததா? அப்படியென்றால் கார்டின் வகையைப் பாருங்கள். செந்தூல் வீட்டில் இருந்தது முழுத் தகடு, முன்னால் வளைந்து கீழே இறங்கி ஒரு ஒடுக்கமான இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் தகட்டோடு ஒட்டிக்கொண்டே வளைந்து உள்ளே போகும் என்பது ஏற்பாடு, மெல்லிய மழைக்கு அது அழகாக வேலை செய்யும். சரிவான ஓட்டிலிருந்து வேகமாக வரும் தண்ணீர் வளைய மாட்டாது, நேராகப் பறந்துவிடும். நம் ஊர் மழைக்கு இந்த வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலை வகையில் கோளாறு வேறு மாதிரி. புதிதாகப் போட்டதும் வலையில் எண்ணெய்ப் பசை இருக்கும், அல்லது சில மாதத்தில் ஓட்டுப்பாசியும் தூசும் படிந்துவிடும், அப்போது தண்ணீர் துளைக்குள் இறங்காமல் படலம் மாதிரி வலைக்கு மேலேயே ஓடும். பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய பிறகும் அடுத்த மழையில் அதே கதை என்றால் உங்கள் கூரைக்கு அந்த வலை ஒத்துவராது.

சுவரோடு இறங்குகிறது, சீலிங் நனைகிறது

இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். முன்னால் வழிகிற தண்ணீர் போர்ச்சைத்தான் நனைக்கும், பின்னால் இறங்குகிற தண்ணீர் ஃபேசியா பலகையை (கூரை ஓரத்தில் கட்டரைப் பொருத்தும் பலகை) உளுக்கவைத்து, சீலிங்குக்குள் போய், மின்சார ஒயரையும் தொடும். விளக்குக்குப் பக்கத்தில் கறை இருந்தால் முதலில் அந்த விளக்கின் மெயினை அடைத்துவிடுங்கள், மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

ஓட்டின் கடைசி வரிசை கட்டருக்குள் ஒன்றரை, இரண்டு அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். நீட்டம் குறைவாக இருந்தால் தண்ணீர் ஓட்டின் அடியோடு ஒட்டிக்கொண்டு பின்னால் திரும்பிவிடும். ஓட்டுக்கு அடியிலிருந்து கட்டருக்குள் இறங்கும்படி ஒரு தகட்டுப் ஃபிளாஷிங் சொருகினால் போதும். கட்டரின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம், என்றைக்காவது நிரம்பினால் வெளியேதான் வழிய வேண்டும். விரலை இரண்டு விளிம்பிலும் வைத்துப் பார்த்தாலே தெரியும், ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

செந்தூல் வீட்டுக்கு வருகிறேன். அந்த கார்டின் பின்விளிம்பை ஓட்டுக்கு அடியில் சொருகியிருந்தார்கள். பனி ஊர்களில் கூரைக்குப் பெரும்பாலும் ஷிங்கிள் என்ற மெல்லிய தார் அட்டைதான், அதற்கே கார்டை அடியில் சொருகக்கூடாது என்று கூரை வேலைக்காரர்கள் சொல்வதுண்டு. நம் கான்கிரீட் ஓட்டில் சொருகினால் கடைசி வரிசை தூக்கிக்கொள்ளும். அந்த வீட்டில் ஏறி, கடைசி ஓட்டுக்கு அடியில் விரலை விட்டேன், சுண்டுவிரல் முழுதாக உள்ளே போனது. அந்தச் சந்து வழியாகச் சாரல் அடித்து, பலகைக்குப் பின்னால் இறங்கி, சீலிங்கில் தேங்கியிருக்கிறது. கார்டை உருவியதும் ஓடு தானாகப் படிந்துவிட்டது. பதிலுக்குத் துளை போட்ட அலுமினியத் தகட்டை ஓட்டைத் தொடாமல், கட்டரின் உள்ளே இரண்டு விளிம்பிலும் திருகாணி வைத்துப் பொருத்தினேன். அடுத்த இரண்டு மழைக்கும் அந்த அம்மாவே நின்று பார்த்து வீடியோ அனுப்பினார்.

உங்கள் வீட்டில் தகரக் கட்டருக்குப் பதில் கான்கிரீட் கட்டர் இருக்கிறதா? பழைய வரிசை வீடுகளில் நிறைய உண்டு, கீழே இருந்து பார்த்தால் கட்டர் இருப்பதே தெரியாது. அதில் தகட்டு கார்டு வேண்டாம். கூண்டு மாதிரியான வடிகட்டியைக் குழாய் வாயில் மட்டும் வைத்து, மேல்விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வெளிப்பக்கமாக ஒரு வழிவுக் குழாய் போடச் சொல்லுங்கள். கீழ்வாய் அடைத்தாலும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வெளியே கொட்டும், கொட்டுவதைப் பார்த்து நீங்கள் ஆளைக் கூப்பிடலாம். அது இல்லாத வீட்டில் அடைப்பு இருப்பது படுக்கையறைச் சீலிங் இடிந்து விழும்போதுதான் தெரியவரும். பூச்சு வெடித்திருந்தால் சிலிகானை அப்பி மூடாதீர்கள், ஒரு வருடம்கூட நிற்காது, சுரண்டி எடுத்துவிட்டு நீர்க்காப்புப் பூச்சை முழு நீளத்துக்கும் புதிதாகப் போட வேண்டும்.

இறக்குக் குழாயில் களகள சத்தம், மூட்டில் பீய்ச்சுகிறது

கட்டர் சுத்தமாக இருக்கிறது, குழாய்தான் அடைப்பு. பெரும்பாலும் வளைவில் இருக்கும். குழாயை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், வெற்றுச் சத்தம் மாறி மந்தமாக ஒலிக்கும் இடத்தில் அடைப்பு. மேலிருந்து குத்தாதீர்கள், இன்னும் இறுகிவிடும். கீழிருந்து ஹோஸை விட்டுத் தள்ளுங்கள், வராவிட்டால் அந்த வளைவைக் கழற்றிவிடுங்கள். நான் எடுத்ததில் பாதி மைனாக் கூடு. கூட்டில் குஞ்சு இருந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, பறந்து போன பிறகு எடுங்கள். குழாய் வாயில் கூண்டு வடிகட்டி வைத்தால் மறுபடி கட்டாது. குழாயின் அடி லோங்காங்கில் (வீட்டோரச் சாக்கடை) மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மழை நின்று இரண்டு நாள் ஆகியும் கட்டரில் தண்ணீர், கொசு

கார்டு போட்டால் கொசு வராது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள், எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். இலை தடுக்கும் தகட்டின் துளை நாலைந்து மில்லிமீட்டர், ஏடிஸ் கொசு தாராளமாக நுழையும். நம் வெயிலில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கார்டு மூடியிருந்தால் தேங்கிய தண்ணீர் உங்கள் கண்ணுக்கே படாது, முன்பாவது ஏணி ஏறினால் புழுவைப் பார்த்திருப்பீர்கள். டிங்கி வந்த பிள்ளையை மருத்துவமனையில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டின் நோய்ப்பூச்சி ஒழிப்புச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கலாம், புழு இருந்தால் அபராதம் போடலாம்.

செய்ய வேண்டியது இறக்கத்தைச் சரிசெய்வது. கார்டைக் கழற்றி, ஹோஸ் விட்டு, நிறுத்திய பிறகு எங்கே குளம் கட்டுகிறது என்று மார்க்கர் வைத்துக் குறித்து, அந்த இடத்துப் பிராக்கெட்டைத் தூக்குங்கள். கட்டர் வறண்டு நிற்கிறது என்று தெரிந்த பிறகு கார்டு போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கார்டு மேல் இலை பாய் விரித்த மாதிரி

எந்த மரம் என்று சொல்லுங்கள். கார்டு தேர்வு முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது, விளம்பரத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

மாமரம், பலா மாதிரி பெரிய தடித்த இலை என்றால் துளை போட்ட அலுமினியத் தகடு நல்லது. இலை மேலே தங்கிக் காய்ந்து காற்றில் போய்விடும், தகடு கட்டரோடு தட்டையாக இல்லாமல் கூரைச் சரிவைப் போலவே கொஞ்சம் சாய்ந்திருந்தால். தட்டையாகப் போட்டால் ஈர இலை ஒட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். அங்சானா மரத்தில் இலையைவிடக் காய்தான் தொந்தரவு, வட்டமாக, நடுவில் தடித்து, ஓரம் சிறகு மாதிரி மெல்லியதாக இருக்கும், அது துளையை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கும். பூக்கிற நாளில் மஞ்சள் பூ ஒரே நாளில் தெருவையே மூடும், கட்டரையும்தான். பூ கொட்டிய இரண்டு மூன்று நாளில் மிருதுவான துடைப்பத்தால் தள்ளிவிட்டால் பூவால் கவலை இல்லை.

சின்ன இலைகள்தான் சிரமம். தூங்குமூஞ்சி மரம், பத்தாய் லாவுட், வீட்டு வாசலில் நாமே ஆசையாக வைத்திருக்கும் முருங்கை. முருங்கை இலை எந்தத் துளைத் தகட்டிலும் இறங்கிவிடும், உள்ளே போய்ச் சேறாகி, மூடிய கட்டருக்குள் நீங்கள் கை விடவும் முடியாது. கடலோரச் சவுக்கின் ஊசி இலை செங்குத்தாகத் துளையில் சொருகி நிற்கும், பிடுங்கிப் பிடுங்கி விரல் வலிக்கும். இவற்றுக்கு மெல்லிய வலை ஒன்றுதான் வழி, அந்த வலையோ நம் மழை வேகத்துக்குத் திணறும். ஆறு அங்குலக் கட்டரும், நல்ல சரிவும், இரண்டு இறக்குக் குழாயும் இருந்தால் வலை போடுங்கள், கழுவத் தயாராக இருங்கள். அது இல்லாத வீட்டுக்கு என் முடிவு இதுதான்: கார்டே வேண்டாம். குழாய் வாயில் கூண்டு வடிகட்டி வைத்து, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கையால் அள்ளுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரல் மழைக்கு முன்னால் ஒன்று, தீபாவளிக்கு வீடு கழுவும்போது ஒன்று கட்டாயம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சம், அதற்கு முன்னால் செய்துவிட வேண்டும், தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட வாரங்கள் பெரிய ரிப்பேருக்குச் சரியான நேரம். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

பிரஷ் வகையும் ஸ்பாஞ்ச் வகையும் வாங்க மலிவு, போடச் சுலபம். இரண்டும் குப்பையைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டில் ஸ்பாஞ்சை இழுத்தபோது அதில் ஆலங்கன்று முளைத்து வேர் விட்டிருந்தது.

துரு, நொறுங்கல், ராத்திரியில் தடதட சத்தம்

பினாங்கின் தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி மாதிரி கடலோரத்தில் சாதாரண ஜிங்க் வலை சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் கேளுங்கள், 304 கூட உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். திருகாணியும் அதே ரகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கார்டு வெயிலில் சில வருடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். தடதட சத்தம் என்றால் திருகாணி போதவில்லை. ஏர்கான் செம்புக்குழாயை ஜிங்க் கட்டருக்குள் போட்டிருந்தால் வெளியே எடுங்கள், செம்பில் பட்டு வரும் தண்ணீர் ஜிங்க் பூச்சை அரித்துவிடும்.

பனி ஊரில் இருக்கும் நம் ஆட்களுக்கு

என் தங்கை குடும்பம் கனடாவில் எட்மண்டனில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜனவரியில் படம் அனுப்பினாள், கூரை ஓரம் முழுக்க ஆளுயரப் பனி ஈட்டிகள், "அண்ணே, கார்டு போட்டதாலதான் இப்படி ஆயிடுச்சா" என்று. அங்கேயும் அறிகுறியை வைத்தே போகலாம், அறிகுறிதான் வேறு.

ஈட்டி தொங்குவதும் கூரை ஓரத்தில் தடித்த பனிக்கட்டி அணை கட்டுவதும் கார்டால் வருவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சூடு கூரைக்குக் கசிகிறது, மேலே உள்ள பனி அடியில் உருகி ஓடி வருகிறது, சுவரைத் தாண்டி நிற்கும் கூரை ஓரத்துக்குக் கீழே சூடு கிடையாது, அங்கே வந்ததும் மறுபடி உறைகிறது. அது உயர உயர, பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறி வீட்டுக்குள் வரும். பக்கத்து வீட்டுக் கூரையில் பனி அப்படியே இருந்து உங்கள் கூரையில் மட்டும் உருகித் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் சூடு கசிவது உறுதி. பரணில் விளக்குத் துளை, குளியலறை விசிறிக் குழாய், பரண் கதவு ஆகியவற்றின் சந்துகளை அடைத்து, இன்சுலேஷன் கூட்டி, பரணுக்கு வெளிக்காற்று வந்து போக வழி விட வேண்டும். கார்டு மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் அவள் வீட்டில் கார்டும் தப்பானதுதான், ஸ்பாஞ்ச். தண்ணீரைக் குடித்துக்கொண்டு முழுசாக உறைந்துவிட்டது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், மூட்டெல்லாம் விரிந்துவிட்டது. ஒரு கன அடி பனிக்கட்டி 26 கிலோ இருக்கும், கட்டர் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கே போட வேண்டியது கெட்டியான அலுமினியச் சட்டத்தில் இறுக்கிய ஸ்டெயின்லெஸ் வலை, கூரைச் சரிவோடு சேர்ந்து சாய்ந்து, ஃபேசியாவிலும் முன்விளிம்பிலும் திருகாணி வைத்தது. மெல்லிய பிளாஸ்டிக் குளிரில் விறைத்து உடையும். கட்டரைத் தாங்கும் ஹேங்கர்கள் சாதாரணமாக இரண்டடிக்கு ஒன்று இருக்கும், பனி ஊரில் ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒன்று வேண்டும். சறுக்கி வரும் பனிப்பாளம் கட்டரை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, கூரைச் சரிவை நீட்டி ஒரு கோடு போட்டால் கட்டரின் முன்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

மெல்லிய வலை மேலே ஒரு படலம் உறைந்து, உருகும் தண்ணீர் அதற்கு மேலே வழுக்கி வாசல்படியில் விழுந்து மறுபடி உறைவதும் உண்டு. இது ஆபத்து, படியில் காலை வைத்ததும் விழுவார்கள். வாசலுக்கு மேலே இருக்கும் அந்தச் சில அடிக்கு மட்டும் சூடேற்றும் கேபிள் போடலாம், கார்டு அதற்கு ஒத்துவருமா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். பனிக்கட்டியைச் சுத்தியலால் தட்டாதீர்கள், உப்பும் கொட்டாதீர்கள், தகட்டையும் செடியையும் அரிக்கும். நீளக் கைப்பிடி வைத்த பனி வாரியால், தரையில் நின்றபடியே, கூரை ஓரத்துப் பனியைப் புதிதாக விழுந்ததும் இழுத்துவிடலாம்.

தங்கை கோடையில் பரணை அடைத்தாள், ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டாள். அடுத்த ஜனவரியில் இரண்டு மூன்று ஈட்டிதான், வடக்குப் பக்கம் மட்டும். மார்ச்சில் உருக ஆரம்பித்ததும் வெளியே நின்று கால் மணி நேரம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் கேரேஜ் மூலையில் பின்பக்கமாக ஒரு கோடு சுவரோடு இறங்குவது தெரிந்தது, அங்கே ஃபிளாஷிங் விட்டுப்போயிருந்தது, மே மாதம் போட்டுவிட்டார்கள்.